அப்பா பேருக்கு எழுதிய மருந்துச்சீட்டு

பத்தாம் வகுப்பு படிக்கும்போது என் அக்காவின் ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸும் டிவைடரும் இருக்க வேண்டிய இடத்தில் பலப்பம் இருக்கும். சிலேட்டில் எழுதுகிற வயதை அவள் தாண்டிப் பல வருஷம் ஆகியிருந்தது. மூன்றாம் வகுப்பில் இருந்த எனக்கென்று சொல்லித்தான் தெருமுனைக் கடையில் வாங்குவாள். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒடித்து வாயில் போடுவாள். நறநறவென்று அரைபடும் அந்தச் சத்தம் பாயில் படுத்திருந்த எனக்கு மட்டும் கேட்கும். சொல்லிவிடாதே என்று மறுநாள் கடலைமிட்டாய் வாங்கித் தருவாள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் வெளுத்துக்கொண்டே போனதை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள். தெருக்குழாயிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறவள் பாதி வழியில் யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்துவிடுவாள். மாடிக்குத் துணி காயப்போடப் போனால் இறங்கி வந்ததும் கையை நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டு நிற்பாள். அம்மா அதைச் சோம்பேறித்தனம் என்றாள். பெரியம்மா, "வயசுக்கு வந்த பிள்ள, மனசுக்குள்ள எதையோ வச்சு ஏங்குது" என்றாள். கடைசியில் அப்பா டாக்டரிடம் கூட்டிப்போனார், நானும் ஒட்டிக்கொண்டு போனேன். அவர் நாக்கை நீட்டச் சொன்னார், முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தார், ஒரு டானிக் எழுதினார். பிறகு அக்கா பக்கம் திரும்பாமலே அப்பாவைப் பார்த்து, "ஒண்ணும் இல்லய்யா, வயசுக் கோளாறு. நல்ல இடமாப் பார்த்து முடிச்சு விடுங்க. ஒரு பிள்ளையப் பெத்துட்டா எல்லாம் சரியாப் போகும்" என்றார். அப்பாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் எங்கள் இருவருக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்த வாக்கியம் எனக்குள் கிடந்தது. அது எங்கள் ஊர்ப் பேச்சு, கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மகளின் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு சோகையைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது, அதே வாக்கியம் 1554இல் லத்தீனில் அச்சாகியிருப்பதைப் பார்த்தேன்.

ஹைடல்பர்க் வைத்தியரின் கடிதம்

எழுதியவர் யோஹானஸ் லாங்கே. 1485இல் பிறந்த ஜெர்மானியர். ஹைடல்பர்க் அரண்மனையில் பாலட்டினேட் என்ற ஜெர்மானிய நாட்டை இளவரசர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆண்ட காலமெல்லாம் அவர்களுக்கு வைத்தியராக இருந்தவர். தனக்கு வந்த கேள்விகளுக்கு எழுதிய மருத்துவக் கடிதங்களைத் தொகுத்துப் பாஸல் நகரத்தில் அச்சிட்டபோது அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கடிதத்துக்குத் தலைப்பு 'கன்னியர் நோய் பற்றி'. நண்பர் ஒருவருக்கு எழுதியது. அந்த நண்பரின் மூத்த மகள் பெயர் அன்னா. நல்ல நல்ல இடத்திலிருந்தெல்லாம் பெண் கேட்டு வருகிறார்கள், இவளோ நாளுக்கு நாள் வெளுத்து இளைத்துக்கொண்டிருக்கிறாள், இந்த நிலையில் எப்படிக் கட்டிக்கொடுப்பது என்பது அப்பாவின் கவலை. பார்த்த வைத்தியர்கள் ஆளுக்கொரு பேர் சொல்லிவிட்டார்கள். நீங்களாவது சொல்லுங்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

லாங்கே பதிலில் அன்னாவின் நிலையை எடுத்துச் சொல்லும் இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். முன்பு சிவந்திருந்த கன்னமும் உதடும் ரத்தமே இல்லாததுபோல் வெளிறிவிட்டன. உடம்பை அசைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. நெற்றிப்பொட்டு நரம்பு துடிக்கிறது. நடனம் ஆடினாலும் படி ஏறினாலும் மூச்சு வாங்குகிறது. சாப்பாடு பிடிக்கவில்லை, குறிப்பாக இறைச்சியைக் கண்டாலே குமட்டுகிறது. ராத்திரியானால் கால் வீங்குகிறது, கணுக்காலில் அதிகமாக. இவ்வளவுதான். இன்றைக்கு எந்த மருத்துவ மாணவியிடம் இதைக் காட்டினாலும் முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள் என்பாள். அன்னா நடனம் ஆடினாள், என் அக்கா குடம் சுமந்தாள். மற்றதெல்லாம் வரிக்கு வரி அக்காதான்.

இவ்வளவு சரியாக எடுத்துச் சொன்னவர் அடுத்த பத்தியில் என்ன சொல்கிறார்? பெண் பருவம் அடைந்ததும் ரத்தம் கருப்பையை நோக்கி வருகிறது. அங்கே வழி இன்னும் திறக்காமல் குறுகலாக இருப்பதால் வெளியேற முடியாமல் திரும்பி இதயத்துக்கும் ஈரலுக்கும் ஏறிவிடுகிறது. அதுதான் நோய். ஆகவே இப்படிப்பட்ட பெண்கள் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மணம் செய்துகொள்ள வேண்டும், கருத்தரித்தால் குணமாகிவிடுவார்கள். தைரியமாக மகளைக் கட்டிக்கொடுங்கள், கல்யாணத்துக்கு நானும் சந்தோஷமாக வருகிறேன் என்று முடிக்கிறார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. கடிதம் முழுக்க அன்பு இருக்கிறது, நண்பனின் கவலையைத் தீர்க்கும் அவசரம் இருக்கிறது. எங்கள் டாக்டரும் கெட்டவர் இல்லை, ஏழைகளிடம் பீஸ் வாங்காதவர். அதனால்தான் இது என்னை இவ்வளவு உறுத்துகிறது.

கிணறு

லாங்கே இதைச் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. கிரேக்கத்தில் ஹிப்போகிராட்டஸின் பேரில் வழங்கும் நூல்களில் 'கன்னியரின் நோய்கள்' என்று ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது, அதைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார். சில பக்கங்களில் முடிந்துவிடும் அந்தக் குறிப்பில், பருவம் வந்தும் மணமாகாத பெண்களுக்கு ரத்தம் இதயத்தில் கட்டிக்கொள்ளும், அதனால் நடுங்குவார்கள், பயப்படுவார்கள், பிதற்றுவார்கள், கழுத்தை இறுக்கிக்கொள்ளத் தோன்றும், கிணற்றில் குதிக்கத் தோன்றும் என்று வருகிறது. கிணறு என்ற சொல்லைப் பார்த்ததும் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். எங்கள் ஊரில் பேர் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த ஒரு கிணறு உண்டு. சாயங்காலத்துக்கு மேல் வயசுப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். அதில் விழுந்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் "அதுக்குக் கல்யாணம் தள்ளிப்போச்சு" என்று ஒரு காரணமும் கூடவே வரும்.

அந்தக் கிரேக்க வைத்தியர், பெண் தேறியதும் குறிசொல்பவர்களின் பேச்சைக் கேட்டு அவள் வீட்டுப் பெண்கள் விலையுயர்ந்த உடைகளை ஆர்ட்டெமிஸ் தெய்வத்துக்குக் காணிக்கை கொடுப்பதைப் பார்த்துவிட்டு, ஏமாறுகிறார்கள் என்று கோபப்படுகிறார். தெய்வக் குற்றம் இல்லை, உடம்புக் குற்றம் என்று அடித்துச் சொல்கிறார். மருத்துவ வரலாற்றில் அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் தீர்வு என்று வரும்போது சீக்கிரம் கட்டிக்கொடு என்பதைத் தவிர அவரிடமும் வேறு எதுவும் இல்லை. உனக்கு என்ன செய்கிறது என்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் குறிகாரரும் கேட்கவில்லை, வைத்தியரும் கேட்கவில்லை.

இதைப் படிக்கும் தமிழர் யாருக்கும் வெறியாட்டு நினைவுக்கு வராமல் போகாது. சங்கப் பாடல்களில் மகள் மெலிகிறாள், வளை கழல்கிறது, உடம்பில் பீர்க்கம்பூ நிறத்தில் பசலை என்ற வெளிறல் படர்கிறது. தாய் முருகனின் பூசாரியான வேலனை அழைக்கிறாள். அவன் கழங்குக் காய்களைப் போட்டுக் குறி பார்த்து முருகன் அணங்கினான் என்கிறான், ஆட்டுக்குட்டி அறுக்கிறார்கள். அது காதல் ஏக்கம் என்ற உண்மை தெரிந்தவள் தோழி ஒருத்திதான். வள்ளுவர் இந்தப் பசப்புக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். லாங்கே சொன்ன நோய்க்குப் பிற்பாடு ஐரோப்பாவில் நிலைத்த பெயரும் ஏறக்குறைய பசலைதான்: 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸின் மான்பெலியே நகர வைத்தியர் ஜான் வராண்டால் வைத்த 'குளோரோசிஸ்' என்பது பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் 'பச்சை நோய்' என்றார்கள். பிரபான்ட் நாட்டு (இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பகுதி) பெண்கள் இதை 'வெள்ளைக் காய்ச்சல்' என்றும் 'காதல் காய்ச்சல்' என்றும் சொல்வதாக லாங்கேயே எழுதியிருக்கிறார். பெரியம்மா சொன்ன 'ஏக்கம்' அங்கேயும் இருந்திருக்கிறது.

டச்சு ஓவியர் யான் ஸ்டேன் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். வெளுத்த பெண் நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள், கறுப்பு உடுப்பு வைத்தியர் நாடி பிடிக்கிறார். மியூனிக்கில் இருக்கும் ஓவியத்தில் அந்தப் பெண்ணின் கையில் ஒரு துண்டுச்சீட்டு. 'இதற்கு மருந்து பலிக்காது, இது காதல் நோவு' என்று எழுதியிருக்கும். கவிதையிலும் ஓவியத்திலும் வெளுப்பு காதலாக இருக்கட்டும், அது அழகு. மருத்துவர் அந்தச் சீட்டை நம்பும்போதுதான் ஆபத்து.

எத்தனை நாள்?

அக்காவுக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம் நடந்தது. மணவறையில் அவள் கை மருதாணிக்கு அப்படிச் சிவந்திருந்தது, நகங்கள் மட்டும் காகிதம் மாதிரி வெள்ளையாக இருந்தன. கர்ப்பமாகி ஐந்தாம் மாதம் வீட்டுக்கு வந்திருந்தபோது அம்மா அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன். ஒல்லியான, கண்ணாடி போட்ட நர்ஸம்மா. அக்காவின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை, உரித்த நுங்கு மாதிரி இருந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அக்காவையே பார்த்துக் கேட்டார்.

"முன்னாடியெல்லாம் மாசாமாசம் உனக்கு எத்தனை நாள் போகும்?"

"ஒம்போது நாள். சில மாசம் பத்து."

"ஒரு நாளைக்கு எத்தனை துணி மாத்துவ?"

அக்கா விரலை மடக்கி எண்ணினாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்போ இருந்து இப்படி?"

"வயசுக்கு வந்ததுல இருந்து."

"வீட்டுல சொல்லலையாம்மா?"

"யாரும் கேக்கல."

நர்ஸம்மா அம்மாவைத் திட்டவில்லை. "மண்ணு, சாம்பல், அரிசின்னு எதையாவது திங்கத் தோணுமா?" என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவே இல்லை. ஐந்து வருஷமாக எனக்குத் தெரிந்திருந்த ஒரு விஷயம் சோகையின் அடையாளம், மருத்துவத்துக்குத் தேவையான விஷயம் என்று அப்போதுதான் புரிந்தது. நான்தான் "பலப்பம் திம்பா" என்றேன்.

ஹீமோகுளோபின் 6.4. கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும், 7க்குக் கீழே போனால் கடுமையான சோகை. மறுநாளே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், மாமா ஒரு பாட்டில் கொடுத்தார். குழந்தை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே பிறந்தது. பிழைத்துக்கொண்டார்கள், இருவரும்.

ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு பெண்ணின் உடம்பில் மொத்தமாக இருப்பதே இரண்டு, மூன்று கிராம்தான், ஒரு சின்ன ஆணியின் எடை. மாதத்தில் பத்து நாள் போனால் அந்த ஆணி தேய்ந்துகொண்டே வரும். ஒரு கர்ப்பத்துக்கு மட்டும் ஏறத்தாழ 1000 மில்லிகிராம் தேவை: குழந்தைக்கு, நஞ்சுக்கொடிக்கு, தாயின் உடம்பில் கூடும் ரத்தத்துக்கு, பிரசவத்தில் போகும் ரத்தத்துக்கு. லாங்கேயும் எங்கள் டாக்டரும் சொன்ன 'மருந்து' இதுதான். காலியான குதிருக்குள் கையை விட்டு இன்னும் ஆயிரம் எடு என்றார்கள்.

சில பெண்களுக்கு மணமான பிறகு குணமாகியும் இருக்கலாம், இல்லாவிட்டால் இந்த யோசனை இவ்வளவு காலம் நின்றிருக்காது. கருத்தரித்தால் மாதவிலக்கு நிற்கிறது, பால் கொடுக்கும்போதும் பல மாதம் வராது. பிள்ளைத்தாய்ச்சி என்று வீட்டில் முதல் தட்டு கிடைக்கும். நல்ல சாப்பாடும் கொஞ்ச நாள் ஓய்வும் சேர்ந்தால் முகத்தில் நிறம் திரும்பும். பார்த்தவர்கள் கல்யாணம் குணப்படுத்தியது என்றார்கள். தாங்காமல் பிரசவத்தில் போனவர்களின் சாவுக்கு வேறு பேர் வைத்திருப்பார்கள். இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது: ரத்தம் மிகவும் குறைந்துபோனால் சில பெண்களுக்கு மாதவிலக்கே நின்றுவிடும், உடம்பு சிக்கனம் பிடிக்கும். லாங்கே அந்த நிற்பதையே நோய்க்குக் காரணம் என்று எடுத்துக்கொண்டார்.

இரும்பு

மருந்து எப்போதும் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. 1682இல் லண்டன் வைத்தியர் தாமஸ் சிடன்ஹாம், வில்லியம் கோல் என்ற மருத்துவருக்கு எழுதிய கடிதத்தில், வெளுத்த பெண்களுக்கு இரும்புத்தூளைக் கொடுக்கச் சொன்னார், அல்லது அதை ஒயினில் ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார். நாடி வலுக்கும், செத்தது போலிருந்த முகம் சிவக்கும் என்று எழுதினார். காரணம் அவருக்கும் தெரியாது, சோர்ந்த ரத்தத்தை இரும்பு தட்டி எழுப்புகிறது என்று நினைத்தார். தெம்புள்ளவர்களுக்கு முதலில் கொஞ்சம் ரத்தம் இறக்கிவிட்டு அப்புறம் இரும்பு என்பது அவர் முறை. இந்தக் கையால் எடுத்து அந்தக் கையால் கொடுப்பது. ஆனாலும் நான் படித்த வரிசையில் கல்யாணத்துக்குப் பதிலாகப் பெண்ணின் கையில் ஒரு பொருளைக் கொடுத்தவர் அவர்தான்.

1832இல் பிரான்ஸில் பியேர் ப்ளோ என்ற மருத்துவர் இரும்பு சல்பேட்டையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் சேர்த்து மாத்திரை உருட்டினார். 'ப்ளோ மாத்திரை' ஐரோப்பா முழுக்கப் பரவியது. இரும்பு சல்பேட் என்றால் வேறொன்றும் இல்லை, நம்மூர் நாட்டுமருந்துக் கடையில் பச்சை நிறத்தில் கிடைக்கும் அன்னபேதிதான். சித்த வைத்தியர்கள் அதைச் செந்தூரமாக்கிப் பாண்டு என்கிற சோகை நோய்க்குக் கொடுத்துவருகிறார்கள். எங்கள் ஆச்சி வீட்டு அலமாரியில் அன்னபேதிச் செந்தூரம் இருந்தது, மூலைக்கடை வைத்தியர் தாத்தாவுக்குக் கொடுத்தது. அதே வீட்டில்தான் அக்கா வெளுத்துக்கொண்டிருந்தாள். அதை நினைக்கும்போது இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சாப்பிடும் இரும்பு உடம்பில் சேருமா என்றே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரிய மருத்துவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1893இல் எடின்பரோவில் ரால்ஃப் ஸ்டாக்மன் என்ற மருத்துவர் தோலுக்கடியில் இரும்பை ஊசியாகப் போட்டும் வேறு விதங்களில் கொடுத்தும் பார்த்து, குணப்படுத்துவது இரும்புதான் என்று காட்டினார். பிறகு அவர் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தப் பெண்கள் தினமும் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எடுத்து, அதில் இரும்பு எவ்வளவு என்று அளந்தார். மிகக் குறைவாக இருந்தது. அந்தக் காலத்தில் பிறத்தியார் வீட்டில் சமைத்துக் கழுவிய வேலைக்காரச் சிறுமிகளிடம்தான் குளோரோசிஸ் அதிகம் காணப்பட்டது. கன்னிமை, ஏக்கம், இடுப்பை இறுக்கிக் கட்டிய கார்செட் உள்ளாடை என்று முந்நூறு வருஷம் எங்கெங்கோ தேடிவிட்டுக் கடைசியில் ஒருவர் அவர்களின் தட்டைப் பார்த்தார்.

அன்னாவுக்கு இருந்தது இரும்புச்சத்துக் குறைவுதான் என்று சத்தியம் செய்ய முடியாது. குளோரோசிஸ் என்ற பேரில் காசநோயும் மனவேதனையும் கலந்தே இருந்திருக்கும். ஆனால் எதுவாக இருந்தாலும் கல்யாணம் அதற்கு மருந்து இல்லை.

இது பழைய கதை என்று விட முடியவில்லை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை, அதே வயது ஆண்களில் 25 சதவீதம். பள்ளிகளில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறார்கள், 60 மில்லிகிராம் இரும்பு. வயிற்றைப் பிரட்டுகிறது என்று பிள்ளைகள் பலர் அதைத் துப்பிவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போடு, மலம் கறுப்பாகப் போகும் பயப்படாதே, டீயோடு குடிக்காதே என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும். போன தை மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், வெளுத்துப்போயிருந்த ஒரு பெண்ணைக் காட்டி அவள் அத்தை என்னிடம், "ஒண்ணும் இல்ல, இவளுக்கும் ஒண்ணு முடிச்சு விட்டா சரியாயிடும்" என்றார். இலையைப் பாதியில் மூடிவிட்டு அந்தப் பெண்ணைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டேன். எட்டு நாள் என்றாள்.

அன்று ராத்திரி அக்காவுக்கு போன் போட்டேன். அவளுக்கு இப்போது ஐம்பது வயதாகிறது. லாங்கேயின் கடிதத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். கன்னம் வெளுத்தது, படியேறினால் மூச்சு வாங்கியது, கால் வீங்கியது, கல்யாணத்துக்கு நானும் வருகிறேன் என்று அந்தக் கிழவர் முடித்தது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும், "திங்கிறத பத்தி எதுவும் எழுதலையா?" என்றாள்.

"சாப்பாடே பிடிக்கலன்னு எழுதியிருக்கார். கறியக் கண்டா குமட்டுதாம்."

"அது இல்லடி" என்றாள். "அந்தப் பிள்ளையும் எதையாவது ஒளிச்சு வச்சுத் தின்னிருக்கும். சுவத்துச் சுண்ணாம்போ, அடுப்புக்கரியோ. அவங்க அப்பாவுக்கு அது எப்படித் தெரியும்?"